அடுத்த கிழமை மறந்துபோகிற கப்பல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி வெளியான ஒரு சிறு பதிலுக்கு வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அத்தொடர்களின் எழுத்தைப் பற்றிய மனக்குறையோடு எழுதப்பட்டவை. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கப்படுகிறது.

விசுவமடுவிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர்: நானும் அண்ணாவும் ‘ஸ்டார் ட்ரெக்: வொயேஜர்’ தொடரின் ஏழு பருவங்களையும் கைத்தொலைபேசியில் பார்த்து முடித்தோம். முடிவைப் பார்த்தபோது மகிழ்ச்சியை விடக் கோபமே வந்தது. கற்பனைக் கதைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். என் கோபம் நியாயமானதா, ஐயா?

நியாயமானதுதான், தம்பி. தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995 ஜனவரியில் தொடங்கி 2001 மே மாதத்தில் முடிவடைந்த ‘வொயேஜர்’, பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தூக்கி எறியப்பட்ட ஒரு விண்கப்பலின் கதை. முழு வேகத்தில் ஓடினாலும் வீடு வந்து சேர 75 ஆண்டுகள் ஆகும். இடையில் தங்குவதற்குச் சொந்தத் துறைமுகம் கிடையாது. உதிரிப்பாகம் அனுப்பி வைக்க எவரும் இல்லை. கப்பலில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் விண்படையைச் சேர்ந்தவர்கள், மற்றப் பகுதியினர் அதே படையால் தேடப்பட்டுவந்த கிளர்ச்சியாளர்கள். இவ்விரு சாராரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சீருடையில், ஒருவரை ஒருவர் நம்பிப் பயணம் செய்தாக வேண்டும். அறிபுனைத் தொடர் ஒன்றுக்கு இதைவிட வளமான தொடக்கம் அமைவது அரிது.

முதற் பருவத்திலேயே ஒரு காட்சி வருகிறது. கப்பலில் எஞ்சியிருக்கும் ஏவுகணைகள் 38 என்றும், அவை தீர்ந்துபோனால் ஈடுசெய்ய வழியில்லை என்றும் அதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்ட எந்தப் பார்வையாளரும் அதை மனத்தில் குறித்துக்கொள்வார். ஆனால் எழுதியவர்கள் குறித்துக்கொள்ளவில்லை. ஏழு பருவங்களில் அந்தக் கப்பல் ஏவியவற்றை இரசிகர்கள் பொறுமையாக எண்ணிப் பார்த்தபோது, தொகை 38இன் இருமடங்கையும் தாண்டிச் சென்றது. சிறு ஓடங்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நொறுங்குகின்றன. அடுத்த கிழமை புதிய ஓடம் நிற்கிறது. சண்டையில் தீப்பிடித்த தளங்கள் மறு அத்தியாயத்தில் பளபளக்கின்றன. கிளர்ச்சியாளர்களுக்கும் படையினருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய கசப்பு, சில அத்தியாயங்களோடு கரைந்துபோகிறது.

வன்னியில் இருந்து பார்ப்பவருக்கு இந்த மறதி விரைவில் கண்ணில் படும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கில் பாடம் படித்தவர்களும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுழற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தட்டுப்பாடு ஒரு மணி நேரத்தில் வந்து தீர்ந்துபோகும் சம்பவம் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். காலையில் எழும்பும்போதே அது கணக்குப் பார்க்க வைக்கும். எதற்கு முதலில், யாருக்கு முதலில் என்ற கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவரும். நல்லவர்களைக் கடுகடுப்பானவர்களாக ஆக்கும். எதிர்பாராத ஒருவரிடமிருந்து பெருந்தன்மையையும் வெளிக்கொண்டுவரும். ‘வொயேஜர்’ இவற்றைச் சொல்வதாக வாக்களித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் வருத்தமூட்டுவது என்னவென்றால், அந்த எழுத்தாளர்களுக்கு எழுதத் தெரியும். 1997 நவம்பரில் ஒளிபரப்பான ‘நரக ஆண்டு’ என்னும் இரட்டை அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் மாதக்கணக்கில் சிதைந்துகொண்டே போகிறது. பாதுகாப்பு அதிகாரி டூவொக் பார்வையை இழக்கிறார். கப்டன் ஜேன்வேயின் பிறந்தநாளுக்கு, துணைத் தளபதி சக்கோட்டே ஒரு பழைய பாணிச் சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்து கொடுக்கிறார். ஜேன்வேயோ அதை ஏற்க மறுத்து, இந்தக் கடிகாரத்துக்குச் செலவான சக்தி ஒரு வேளை உணவாகவோ, ஒரு மருந்தாகவோ, ஒரு சோடிச் சப்பாத்தாகவோ ஆகியிருக்கும், அதைத் திரும்ப உருக்கிவிடுங்கள் என்கிறார். அன்பாகக் கொடுக்கப்பட்ட ஒரு பொருளைத் தட்டுப்பாட்டின் பெயரால் மறுக்கும் அந்தச் சில நொடிகளில், தொடர் முழுவதும் இருந்திருக்க வேண்டிய உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாவது பகுதியின் இறுதியில் காலம் பின்னோக்கித் திருப்பப்படுகிறது. கப்பல் புதிதாகிவிடுகிறது. நடந்த எதுவும் எவருக்கும் நினைவில்லை. அந்தக் கதையை ஒரு முழுப் பருவமாக எழுத விரும்பியதாகவும் அது கைகூடவில்லை என்றும் எழுத்தாளர் பிரானன் பிராகா பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

1999இல் வந்த ‘ஈக்குயினொக்ஸ்’ இன்னும் வெளிப்படையானது. அதே தொலைவில் தொலைந்துபோன வேறொரு கப்பல். அதன் மாலுமிகள் பசியாலும் பயத்தாலும் மாறிப்போய், உயிருள்ள வேற்றுக்கோள் வாசிகளைக் கொன்று எரிபொருளாக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ‘வொயேஜர்’ எதிர்கொண்டிருக்க வேண்டிய கேள்வி அங்கே இன்னொரு கப்பலின் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. கதையின் முடிவில் அந்தக் கப்பலில் தப்பிய ஐவர், பதவி பறிக்கப்பட்டு ‘வொயேஜர்’ குழுவில் சேர்க்கப்படுகிறார்கள். கொலைக்குத் துணைபோன ஐவர் ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்து சாப்பிடுவதிலிருந்து எத்தனை கதைகள் பிறந்திருக்கலாம்! அவர்களை அதன் பிறகு நாம் பார்ப்பதே இல்லை.

இனி, நீங்கள் கோபப்பட்ட அந்த முடிவு. எதிர்காலத்து ஜேன்வே காலத்தைக் கடந்து வந்து உதவுகிறார், கப்பல் பூமியின் அருகே வெளிப்படுகிறது, வரவேற்கும் கப்பல்கள் புடைசூழப் பூமியை நோக்கிச் செல்கிறது, தொடர் முடிந்துவிடுகிறது. எவரும் வீட்டு வாசலில் கால் வைக்கவில்லை. கிளர்ச்சியாளர்களாகப் புறப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது, அவர்கள் விசாரிக்கப்பட்டார்களா, மன்னிக்கப்பட்டார்களா? இறந்துவிட்டார்கள் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டவர்களின் குடும்பங்கள் அவர்களை எப்படி எதிர்கொண்டன? ஏழு பருவங்களாக ‘வீடு திரும்புதல்’ என்ற ஒன்றையே பேசிய தொடரில் வீடு திரும்பும் காட்சி இல்லை. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து மீள்குடியேறிய எவரைக் கேட்டாலும், பேருந்திலிருந்து இறங்கியதோடு தங்கள் கதை முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். கூரையற்ற சுவர்கள், எல்லை தெரியாமல் பற்றை மண்டிய காணி, இறைத்துத் துப்புரவாக்கும்வரை குடிக்க முடியாத கிணறு, பக்கத்து வளவில் திரும்பி வராதவர்களின் வெறுமை, இவையெல்லாம் அதன் பிறகுதான் தொடங்கின. உங்கள் கோபம் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் வீட்டாருக்கு இப்போது விளங்கக்கூடும்.

நியாயத்துக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறுப்பு முழுவதையும் எழுத்தாளர்கள் மீது சுமத்த முடியாது. யூபிஎன் என்ற புதிய தொலைக்காட்சி வலையமைப்பின் முதன்மைத் தொடராக ‘வொயேஜர்’ தொடங்கப்பட்டது. பெரும்பாலான பருவங்களில் 26 அத்தியாயங்கள் எழுத வேண்டியிருந்தது. மறு ஒளிபரப்பில் எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் போட்டாலும் புதியவருக்குப் புரிய வேண்டும் என்பது அக்கால வணிகத் தேவை. ஒவ்வொரு கிழமையும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு அதுவே முதற் காரணம். காரணம் தெரிந்துகொள்வதால் குறை இல்லாமற் போய்விடாது.

மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை: கதை முழுவதையும் முன்கூட்டியே திட்டமிடாமல் எழுதத் தொடங்குவதுதான் இந்தக் குறைகளுக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். சரியா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1990 ஜூனில், ‘வொயேஜ’ருக்கு முந்திய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் மூன்றாம் பருவம் முடிந்தபோது, கப்டன் பிக்கார்ட் போர்க் என்னும் இயந்திரக் கூட்டத்தால் பிடிக்கப்பட்டு, அவர்களுள் ஒருவராகவே மாற்றப்பட்டு, தன் சொந்தக் கப்பலை எதிர்த்து நிற்கிறார். அந்த முதற் பகுதியை எழுதிய மைக்கல் பில்லருக்கு, அடுத்த பகுதியில் இதை எப்படி முடிப்பது என்று அப்போது தெரியாது. அடுத்த பருவத்தில் தான் பணியில் இருப்பதே அவருக்கு உறுதியாக இருக்கவில்லை. திட்டமே இல்லாமல் பிறந்த அந்தக் கதைதான் இன்றுவரை அந்தத் தொடரின் உச்சங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

பிக்கார்ட் மீட்கப்பட்ட பின்னர் என்ன செய்தார்கள் என்பதில்தான் எழுத்தின் வலிமை தெரிகிறது. மீட்பு முடிந்த மறு அத்தியாயமே ‘குடும்பம்’. அதில் கப்பலின் கட்டளைத் தளத்தில் ஒரு காட்சிகூட இல்லை. பிக்கார்ட் பிரான்ஸிலுள்ள தன் ஊருக்குப் போகிறார். திராட்சைத் தோட்டத்தில் தன் தமையனோடு வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, இருவரும் சேற்றில் புரள்கிறார்கள். சேற்றோடு சேறாக அமர்ந்து முதலில் சிரித்து, பின்னர், தன்னைப் போர்க் பயன்படுத்திக் கொலை செய்வித்ததைத் தன்னால் தடுக்க முடியவில்லையே என்று அந்தப் பெரிய மனிதர் விம்முகிறார். நடந்ததை நடந்ததாகவே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒருவரைத் துன்பப்பட விடும் துணிவு அந்த அத்தியாயத்தில் இருந்தது.

முதல் தொடரின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவரான ஸ்பொக்கின் மரணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தில், கப்பலைக் காப்பாற்றுவதற்காகக் கதிர்வீச்சு நிறைந்த இயந்திர அறைக்குள் சென்ற ஸ்பொக், நண்பர் கேர்க் வந்து கூப்பிட்டதும் தட்டுத்தடுமாறி எழுந்து, முதலில் தன் சீருடையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறார். பின்னர் நடந்துவந்து, பார்வை மங்கிய நிலையில் கண்ணாடியில் முட்டிக்கொள்கிறார். மரணத்தின் வாசலிலும் ஒழுங்கு குலையாத அவருடைய இயல்பு முழுவதும் அந்தச் சீருடையை இழுத்துவிடுவதில் இருக்கிறது. 1984இல் வந்த படத்தில் அவரை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். அதுவும் தொடக்கத்தில் திட்டமிடப்பட்டதல்ல. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கேர்க் தன் மகனைப் பறிகொடுத்தார். தன் கப்பலைத் தானே அழித்தார். 1986இல் வந்த படத்தில் பதவியிறக்கம் பெற்றார். 1991இல் வந்த படத்திலும் மகனைக் கொன்றவர்களின் இனத்தை மன்னிக்க முடியாமல் தவித்தார்.

2013இல் வந்த ‘இன்ட்டு டார்க்னெஸ்’ படம் இதே காட்சியைத் தலைகீழாக்கியது. இப்போது கண்ணாடிக்கு உள்ளே கேர்க், வெளியே ஸ்பொக். படம் முடிவதற்குள், எதிரியின் இரத்தத்தை ஏற்றிக் கேர்க்கை எழுப்பிவிடுகிறார்கள். மரணத்தையே வெல்லும் மருந்து கையில் கிடைத்துவிட்ட ஓர் உலகத்தில் வைத்தியசாலைகள் எப்படி மாறியிருக்க வேண்டும்? 2016இல் வந்த அடுத்த படத்தில் அந்த இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்கூட்டிய திட்டம் இங்கே பிரச்சினையே அல்ல, ஆசிரியை அவர்களே. எழுதிய ஒன்றின் விளைவை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்ல மறுப்பதுதான் பிரச்சினை.

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர்: எல்லாத் தொடர்களிலும் மிக மோசமான இறுதி அத்தியாயம் எது?

2005 மே மாதத்தில் ‘என்டர்பிரைஸ்’ தொடரை முடித்த அத்தியாயம். நான்கு பருவங்களாக நாம் பழகிய மனிதர்களை, வேறொரு தொடரின் பாத்திரம் பார்க்கும் படக்காட்சியாக மாற்றி, சொந்தப் பிரியாவிடையிலேயே அவர்களை விருந்தாளிகள் ஆக்கிவிட்டார்கள். ட்ரிப் என்ற பொறியியலாளரின் மரணமும் அதில் அவசரமாக முடிக்கப்பட்டது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி: நான் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவள். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரைப் பார்க்கும்படி மகன் வற்புறுத்துகிறான். போர்க்காட்சிகள் வரும் என்பதால் தயங்குகிறேன். பார்க்கலாமா?

உங்கள் தயக்கத்தை மதித்தே பதில் சொல்கிறேன், சகோதரி. 1993 முதல் 1999 வரை வந்த அந்தத் தொடரில், குறிப்பாகப் பிற்பகுதியில், போர் முக்கிய இடம் பெறுகிறது. அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட ஒரு கோளின் அருகே நிற்கும் விண்நிலையம் அதன் களம். கப்பலைப் போல அது ஊர் விட்டு ஊர் போக முடியாது. அதனால் இன்று செய்ததன் பலனோடு நாளைக்கும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். இரசிகர்கள் பலர் எல்லாத் தொடர்களிலும் இதையே உறுதியாக எழுதப்பட்டதாகக் கருதுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நொக் என்ற இளைஞன் அதில் வருகிறான். வியாபாரத்தையே வாழ்வாகக் கொண்ட ஃபெரெங்கி இனத்திலிருந்து விண்படையில் சேர்ந்த முதல் ஆள். 1998இல் வந்த ஒரு போர் அத்தியாயத்தில் அவன் ஒரு காலை இழக்கிறான். அந்த அத்தியாயத்தை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. மகனிடம் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே பருவத்தில் சற்றுப் பின்னால் வரும் ‘கடதாசி நிலவு’ அத்தியாயத்தை மட்டும் பாருங்கள். அதில் துப்பாக்கிச் சண்டைக்கு இடமில்லை.

கதை நடக்கும் எதிர்காலத்து மருத்துவம் அவனுக்கு உயிருள்ளதைப் போன்ற செயற்கைக் காலைப் பொருத்திவிட்டது. காலில் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள் வைத்தியர்கள். ஆனாலும் அவன் ஊன்றுகோலோடு நொண்டி நடக்கிறான், வலிக்கிறது என்கிறான். வீட்டார் வரவேற்க நிற்கிறார்கள். அவனுக்கு எவரது முகத்தையும் பார்க்க விருப்பமில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கடைசியில் 1962ஆம் ஆண்டின் லாஸ் வேகாஸ் நகரைப் போலக் கணினி உருவாக்கிக் காட்டும் கற்பனை விடுதிக்குள் குடிபுகுந்து, வெளியே வர மறுக்கிறான். அவனை வெளியே அனுப்புவதற்காக அங்கிருக்கும் கணினிப் பாடகன் தன் இயக்கத்தைத் தானே நிறுத்திக்கொள்ள நேர்கிறது. அப்போதுதான் நொக் உண்மையைச் சொல்கிறான்: போருக்குப் போகும்போது தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தான், கால் போன பிறகு, எதுவும் தனக்கும் நடக்கலாம் என்பது தெரிந்துவிட்டது, அந்தக் கற்பனை உலகத்திலாவது அடுத்து என்ன வரும் என்று தெரியும். அவன் வெளியே வரும்போதும் குணமாகி வரவில்லை. இன்னும் சரியாகவில்லை, ஆனால் சரியாகும் என்றுதான் சொல்கிறான்.

இந்தக் கதையை எழுதியவர்கள் பார்வையாளரின் கண்ணீரைத் தேடிப் போகவில்லை. காயத்துக்குப் பிந்திய சலிப்பையும், உதவ வருகிறவர்கள் மீது வரும் எரிச்சலையும், தனிமைக்கான ஏக்கத்தையும் மறைக்காமல் காட்டினார்கள். பின்வரும் அத்தியாயங்களில் அவனுடைய கால் பற்றிய பேச்சு மிகவும் குறைந்துபோவது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆயினும் நீங்கள் கதவை மூடிக்கொண்டு ஒருமுறை பார்க்கத் தகுந்தது. மனம் ஒப்பவில்லையானால் இடையில் நிறுத்திவிடுங்கள்; மகன் ஏமாற்றமடையமாட்டார்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: இப்போது ஒரு பருவத்துக்குப் பத்துப் பதினைந்து அத்தியாயங்கள்தான். பணமும் அதிகம் செலவாகிறது. பிறகும் ஏன் எழுத்து இவ்வளவு மெலிந்திருக்கிறது?

பழைய சாக்கு இப்போது செல்லாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதன் இடத்தைப் பிடித்திருப்பவை வேறு கோளாறுகள். 2017இல் தொடங்கிய ‘டிஸ்கவரி’ தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவரான பிரையன் ஃபுல்லர், அது ஒளிபரப்பாவதற்கு முன்பே 2016இல் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த இருவர் இரண்டாம் பருவ வேலையின் நடுவில், 2018இல், நீக்கப்பட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் ஒரே கதையாக ஓடும்போது, அதைத் தொடங்கியவரே முடிக்கவும் வேண்டும். மேசனை இடையில் மாற்றினால் சுவர் எங்கே கோணும் என்பது வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கோளாறு, ஆபத்தின் அளவு. பருவத்துக்குப் பருவம் பிரபஞ்சமோ, பால்வெளியோ, உயிரினம் முழுவதுமோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. அழியப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே பயப்படவும் முடிவதில்லை. ஒரு சிறுவன் தாயை இழப்பது அதைவிட நம்மை உலுக்கும். ‘டிஸ்கவரி’யின் மூன்றாம் பருவத்தில் அவர்களுக்கே அப்படி ஒரு கரு கிடைத்தது. நூற்றாண்டுக்கு முன் பால்வெளியெங்கும் விண்கப்பல்களை வெடிக்க வைத்த பேரழிவுக்குக் காரணம், தாய் இறந்தபோது ஒரு குழந்தை எழுப்பிய கதறல் என்று தெரியவருகிறது. இரசிகர்கள் பலர் இதை ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்தக் கரு பிடித்திருந்தது. ஆனால் பருவம் முழுவதும் அதை விடுகதையாகப் பொத்தி வைத்திருந்துவிட்டு, கடைசி நேரத்தில் அவிழ்த்ததால், அந்தக் குழந்தையோடு வாழ நமக்கு நேரமே கிடைக்கவில்லை.

அதே தொடரில் எயரியம் என்ற பாத்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. முதற் பருவத்திலிருந்து பின்னணியில் ஒரு முகமாக மட்டும் இருந்தவர். இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயத்தில் திடீரென்று அவருக்குக் கணவர், நினைவுகள், நண்பர்கள் எல்லாம் காட்டப்பட்டன. அதே அத்தியாயத்தின் முடிவில் இறந்துபோனார். நேற்றுவரை பெயரைக்கூட நம்மிடம் சரியாகச் சொல்லாதவர்கள், இன்று செத்த வீட்டுக்கு வந்து அழு என்கிறார்கள்.

2020இல் வந்த ‘பிக்கார்ட்’ தொடரின் முதற் பருவம் இன்னும் தெளிவான உதாரணம். முதியவரான பிக்கார்ட் இறக்கிறார். அவருடைய மனம் செயற்கை உடலுக்கு மாற்றப்படுகிறது. அந்த உடலுக்குப் புதிய ஆற்றல் எதுவும் இல்லை, வழக்கமான காலத்தில் அதுவும் மூப்படைந்து இறக்கும் என்று உடனேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் என்ன மாறியது? ஒரு மனிதர் இறந்து வேறு உடலில் எழுந்திருக்கிறார். அவர் கண்ணாடி முன் நின்று தன் கையைத் திருப்பிப் பார்க்கும் அளவு கூட அந்த மரணத்துக்கு மதிப்பில்லாமல் கதை அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: பெண்களையும் கறுப்பினத்தவரையும் தலைமைப் பாத்திரங்களாக வைக்கத் தொடங்கியதுதான் சீரழிவுக்குக் காரணம் என்று சிலர் சொல்கிறார்களே?

தவறான பேச்சு. 1966இல் முதல் தொடரிலேயே கறுப்பினப் பெண்ணான ஊஹூரா கட்டளைத் தளத்தில் அதிகாரியாக அமர்ந்திருந்தார். மிக உறுதியாக எழுதப்பட்டதாகப் பலர் சொல்லும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் தலைவர் சிஸ்கோ கறுப்பினத்தவர். ஜேன்வேயின் குறை அவர் பெண் என்பதல்ல. நடிகை கேட் மல்குரூ அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உறுதிக்கு ஈடான கதைகள் அவருக்குப் பல வேளைகளில் கிடைக்கவில்லை. எழுத்தைக் குறைசொல்லும் உரிமை நமக்கு உண்டு. அந்தப் போர்வையில் மனிதர்களை வெறுப்பதற்கு இந்தப் பகுதியில் இடமில்லை.

பரந்தனிலிருந்து ஒரு வாசகி: நல்ல எழுத்து வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினால் பயன் உண்டா? நானும் சிறுகதைகள் எழுதுகிறேன். ஒரு கதைச் சுருக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் தொடரை இரண்டாம் பருவத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்த இரசிகர்கள், 1967 இறுதியிலும் 1968 தொடக்கத்திலும் என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். தொடர் நிறுத்தப்படாது என்று அந்த நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பருவம் கிடைத்தது. ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது, செலவு குறைக்கப்பட்டது, தொடரைப் படைத்த ஜீன் ரொடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஸ்பொக்கின் மூளையைத் திருடிச் செல்லும் கதையோடு அந்தப் பருவம் தொடங்கியது. எல்லாத் தொடர்களிலும் மிகப் பலவீனமான அத்தியாயங்களுள் ஒன்றாக அது இன்றும் சொல்லப்படுகிறது. 1969இல், 79 அத்தியாயங்களோடு தொடர் நிறுத்தப்பட்டது. கடிதங்களால் தொடரின் ஆயுளை நீட்ட முடிந்தது, எழுத்தைத் திருத்த முடியவில்லை.

எழுத்து திருந்தியது வேறு வழியில். 1989இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எழுத்துப் பொறுப்பை ஏற்ற மைக்கல் பில்லர், வெளியாட்கள் அனுப்பும் கதைகளையும் எடுத்துப் படித்தார். ரொனல்ட் மூர் என்ற இளம் இரசிகர், படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது கையளித்த ஒரு கதை அவ்வாறு கண்டெடுக்கப்பட்டது. மேலே நான் சொன்ன ‘குடும்பம்’ அத்தியாயத்தையும், நொக்கின் கதைக்கான திரைக்கதையையும் பின்னாளில் எழுதியவர் அவரேதான்.

அவருடைய அந்த முதற் கதை உங்களுக்கு உதவும். விண்கப்பலிலிருந்து ஆய்வுக்காகக் கோளொன்றில் இறங்கிய ஒரு பெண் அதிகாரி, என்றோ முடிந்துபோன போரில் புதைக்கப்பட்ட வெடி வெடித்து இறக்கிறார். பழைய தொடர்களில் இப்படி இறப்பவர்களின் பெயர் நினைவில் இருப்பதில்லை. அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். மூரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன் கப்பலில் இருக்கிறான். செய்தியை அவனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு கப்டனுக்கு. மண்ணுக்கடியில் கிடந்த வெடியைப் பற்றியும், அந்தச் செய்தியோடு வீடு தேடி வருகிறவரின் நடையைப் பற்றியும் பரந்தனில் இருந்துகொண்டு எழுதுவதற்கு உங்களுக்கு எவரும் பாடம் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்றாம் பருவத்தின் ஐந்தாவது அத்தியாயம் அது, தேடிப் பாருங்கள்.

உங்கள் கதைச் சுருக்கத்தைப் படித்தேன். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் இறங்கும் கப்பலும், அதை முதலில் காணும் நீர்ப்பாசன ஊழியரும் நன்றாக அமைந்திருக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் அந்த ஊழியரின் மகள் இறந்து, ஐந்தாம் பகுதியில் வேற்றுக்கோள் மருந்தால் எழுந்துவிடுகிறாள். அதை மட்டும் மாற்றி, முழுக் கதையாக எழுதி அனுப்புங்கள். நம் பக்க அளவு உங்களுக்குத் தெரியும். இரண்டு இதழ்களில் பிரித்துப் போடவும் ஆயத்தமாக இருக்கிறோம்.